பசியாறியாச்சு

பிறையிலிருந்து பாலம் ஏறி வருவாள் யுகேஸ்வரி.
மழைச்சட்டை, இடது கண்ணாடி உடைந்த மோட்டார்,
பதின்மூன்று கிலோமீட்டர் கடற்காற்று.
ஞாயிற்றுக்கிழமை என்று செல்களுக்குத் தெரியாது.
இரண்டு நாளைக்கு ஒருமுறை
பழைய நீரை உறிஞ்சிவிட்டுப்
புதியதை ஊற்ற வேண்டும்,
சிராப் தண்ணீரின் இளஞ்சிவப்பில்.
தீபாவளியன்றும் வந்தாள்
தலையில் சீயக்காய் வாசம் போகாமல்.
"பசியாறுங்க" என்பாள் குடுவையைப் பார்த்து.
முப்பத்தேழு பாகைச் சூட்டில் வைத்துக் கதவைச் சாத்துவாள்.
அதற்கப்புறம்தான் அவளுக்குப் பசிக்கும்.

அவள் தேடுவது சின்ன விஷயம்:
டிங்கிக் காய்ச்சல் இறங்கும் நாளில்
இரத்தக் குழாயின் சுவர் ஏன் கசிகிறது,
எந்தத் தையல் முதலில் பிரிகிறது.
"அப்ப மருந்தாம்மா?" என்பார் அவள் அப்பா.
"மருந்து இல்லப்பா. மருந்துக்கு முன்னாடி ஒரு கேள்வி இருக்கு.
அதுக்கும் முன்னாடி உள்ளது என்னோடது."

ஒப்பந்தம் ஆறு மாதத்துக்கு ஆறு மாதம்.
கடன் கேட்டுப் போன வங்கியில்
தொழில் ஆராய்ச்சி என்றாள்.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
'மற்றவை' என்று போட்டுக்கொண்டார்கள்.

எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒரு தாள்,
தோற்றுப்போன சோதனைக்கு ஆளுக்கொரு கோடு.
அவள் பேரில் நாற்பத்தொன்று.
என் பேரில் முப்பதுதான்;
நான் இன்னும் பின்தங்கியே இருக்கிறேன்.

நவம்பரில் ஒரு வெள்ளிக்கிழமை அவள் வரவில்லை.
மருத்துவமனையிலிருந்து செய்தி:
"எனக்கே வந்திருச்சு. சிரிக்காதீங்க."
சிரித்தோம்.
பிளேட்லெட் எண்பதாயிரம் என்றாள்.
மறுநாள் முப்பத்தோராயிரம்.
பிறகு நாங்கள் சிரிக்கவில்லை.

காய்ச்சல் அன்றுதான் இறங்கியது.
பக்கத்துப் படுக்கை அம்மா
"அப்பாடா, விட்டிருச்சு" என்றாராம்.
அது என்ன நாள் என்று
அவளைவிட யாருக்குத் தெரியும்?
தாதி வந்து விரல் நுனியை அழுத்தி
நிறம் திரும்ப எத்தனை நொடி என்று எண்ணியபோது
அவளும் கூடவே எண்ணியிருக்கிறாள்,
உதடு அசையாமல்.

யார் பார்த்துக்கொள்வது என்று
இங்கே யாரும் யாரையும் கேட்கவில்லை.
சனிக்கிழமை சியூ லிங்.
ஞாயிறு ஹிதாயா,
பிள்ளையை வாசலில் காவலரிடம் விட்டுவிட்டு.
செவ்வாய் நான். கை நடுங்கியது.
என்னுடையவை சாகலாம், பழகிவிட்டது.
இன்னொருத்தியுடையவை சாகக்கூடாது.

முடித்ததும் ஒரு படம் அனுப்புவோம்:
நுண்ணோக்கிக்குக் கீழே
நெருக்கிப் பாவிய கூழாங்கற்கள்போல் அவள் செல்கள்,
ஓர் இடைவெளி இல்லை.
சியூ லிங் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டினாள்:
"பசியாரியாச்சு லா."
பதில் வரவில்லை.
ஊசி குத்திய கை ஒன்றின் படம் மட்டும்,
கட்டைவிரல் நிமிர்ந்து.

மார்ச்சில் இளம் ஆய்வாளர் நாள்.
சுவரொட்டிக்கு முன் அவள், இரவல் சேலையில்.
நடுவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்,
உன் ஆய்வின் குறை என்ன என்று.
"நடுவில் மூன்று பேர் கை மாறியிருக்கிறது, ஐயா.
முடிவு மாறவில்லை."
பின்வரிசையில் ஹிதாயா மூக்கை உறிஞ்சினாள்.
குளிர்சாதனம் என்று சொன்னாள்.

மூன்றாம் பரிசு.
ஒரு மைலோ டின், ஒரு குடை,
பெயரில் ஓர் எழுத்து விழுங்கிய சான்றிதழ்.
ஜெலுத்தோங் நாசி கண்டார் கடையில்
அதன் ஓரத்தில் மீன்குழம்பு சொட்டியது.
"நல்லது, இப்பத்தான் அசல்" என்றாள் யுகேஸ்வரி.
இரண்டாவது தே தாரிக் ஆறுவதற்குள்
மணியைப் பார்த்தாள்.
"இன்னைக்கு யார் முறை?"

வெளியே தூறல்.
பரிசுக் குடை ஒன்று.
நாங்கள் நான்கு பேர், நனைந்தபடி,
அதை மைலோ டின்னுக்குப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.