தட்டிப் பார்த்தல்

"கொஞ்சம் கூசும்" என்றார் டாக்டர் பெக் ஹூன்.
வாய் திறந்தே கிடந்தது. பதில் இல்லை.

டிரில் நின்றதும் கொக்கி ஊசியால் சுரண்டினார்.
ஊறிய சாந்துபோல் ஒட்டியது பல்.
மறுபடி குடைந்தார். மறுபடி சுரண்டல்.
டிக்.
அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.

ஈசூனில் வீடு வீடாகச் சுத்தியலால் கூரையைத் தட்டித்தான்
பொக்கை எது கெட்டி எது என்று பிரிப்பேன்.
உளுத்ததெல்லாம் உதிரும்வரை கொத்தணும்,
கம்பித் துருவைத் தேய்க்கணும்,
அப்புறம்தான் பூச்சு.

நீலக் களிம்பு, தண்ணீர், காற்று.
வெளியே இன்னும் ஆறு பேர்.
அவர் நிமிரவே இல்லை.

ஒன்பதாம் மாடி, சமையலறை மூலை:
"போதும், பூசு" என்றார் சூப்பர்வைசர்.
பூசினேன்.

நாக்கு மரத்திருக்கிறது.
அந்த மூலைக்குக் கீழே இந்நேரம்
யாரோ மீன் பொரித்துக்கொண்டிருப்பார்கள்.