பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால்

அம்புக்குறியைத் தொட்டால் திரையில் ஒரு பட்டியல் இறங்குகிறது.
ஸ்பான்சர்ஷிப் முடிந்த காரணம்:
ராஜினாமா. பணிநீக்கம். வேலைக்கு வரவில்லை.
நிறுவனம் மூடல்.
நாலில் ஒன்றைத்தான் தொட முடியும்.
டிசம்பர் ஞாயிறு ஒன்றில், பனி கொட்டக் கொட்ட
என் காருக்கு அடியில் படுத்து ஹீட்டரைச் சரிசெய்துவிட்டு
டீ மட்டும் குடித்துப் போனவன் என்பதற்கு
அங்கே கட்டம் இல்லை.

பள்ளிக்கூட பஸ் ஒப்பந்தம் ஜூனில் கைமாறியது.
பதினெட்டு பஸ்களும் டண்டீயை விட்டு
சாவிக்கொத்தோடு ஏலத்துக்குப் போயின.
முதலாளி கெடஸ் என் மேசைமுன் நின்று
தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
"பேப்பர் வேலையை மட்டும் முடித்துக் கொடு, இஷ்பெல்."

பேப்பர் வேலை என்பது
எல்பிடியோ மக்கராய்க், டீசல் மெக்கானிக்.
எங்கள் பெயரில் விசா தொங்கும் ஒரே ஆள்.
பத்து வேலைநாளுக்குள் உள்துறைக்கு நான் சொல்ல வேண்டும்.
பிறகு அவர்கள் கடிதம் எழுதுவார்கள்.
கடிதத்திலிருந்து அறுபது நாள்.
அதற்குள் வேறு முதலாளி, இல்லையென்றால் விமானம்.

இருபத்திரண்டு வருஷம் அடுத்தவர் சம்பளத்தைக்
கூட்டிக் கழித்தவள், எனக்கா கணக்குத் தெரியாது?
நான் சொல்லாத ஒவ்வொரு நாளும்
அவனுக்கு ஒரு நாள்.
முதல் நாள் கோப்பையே திறக்கவில்லை.
மூன்றாம் நாள் பிரிண்டர்மேல் பழியைப் போட்டேன்.
ஆறாம் நாள் தலைவலி, அது நிஜம்.
நாட்களை ஒவ்வொன்றாக ஒளித்துவைத்தேன்
மேசை இழுப்பறையில், பிஸ்கட் டப்பாவுக்குப் பின்னால்.
கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஒன்பதாம் நாள் வந்தான்.
லாக்கர் சாவி, டார்ச், இரண்டு ஓவரால்,
துவைத்து மடித்து. பெயர்ப்பட்டையைப் பிரித்திருந்தான்,
பாக்கெட்டுக்கு மேல் ஊசித் துளைகள் மட்டும்.
கையெழுத்துப் போட்டான். போகவில்லை.
"அனுப்பிட்டியா?"
"இன்னும் இல்லை" என்றேன்,
பரிசு கொடுப்பவளின் குரலில்.

கிரீஸ் ஒட்டும் என்று எப்போதும் நின்றே பேசுபவன்
அன்று நாற்காலியில் உட்கார்ந்தான்.
"தபால்காரர் தாண்டிப் போகும்வரை
மாரிசெல் குளிக்கக்கூடப் போவதில்லை.
லிகாயாவுக்கு ஸ்கூல் ஷூ வாங்கலாமா, வேண்டாமா?
ரெண்டு வாரமாக அதே பேச்சு.
போன பிரேக்கென்றால் மாற்றிவிடுவேன் இஷ்பெல்.
போகுமோ போகாதோ என்கிற பிரேக்கை வைத்துக்கொண்டு
ராத்திரி முழுக்க இறக்கத்தில் இருக்கிறேன்.
அனுப்பு."

இழுப்பறையைத் திறந்தேன்.
பிஸ்கட் டப்பா இருந்தது.

எனக்கும் வெள்ளிக்கிழமையோடு வேலை முடிகிறது.
நூலகத்தில் உட்கார்ந்து விண்ணப்பம் எழுதுவேன்,
தங்கையிடம் கடன் கேட்பேன், குடிப்பேன் ஒருவேளை.
என்னை யாரும் இந்த ஊரிலிருந்து கழிக்கமாட்டார்கள்.

அவன் பார்க்க, நாலாவதைத் தொட்டேன்.
தங்கள் அறிக்கை பெறப்பட்டது என்றது திரை.
நன்றி என்றும் சொன்னது.

எழுந்தான். ஜன்னலுக்கு வெளியே
டே ஆற்றுப் பாலத்தின் நடுப்பகுதியைக்
கடல்மூடுபனி தின்றுகொண்டிருந்தது.
அவன் அதைப் பார்க்கவில்லை, கீழே என் காரைப் பார்த்தான்.
"முன்பக்கம், இடது டயர்.
நவம்பர்வரை தாங்கும். அப்புறம் மாத்திடச் சொல்லு."

எப்போதும்
மாத்திடுவோம் என்பான்.