குறுவட்டம்

கச்சான் வீசும் மாதங்களில்
சுண்ணாம்புக் கோடு அரைமணி நேரம் நிற்காது.
ஆறாவது தடம் போட்டு நிமிர்வதற்குள்
முதல் தடம் பனங்காட்டுக்குப் போயிருக்கும்.
அதனால் களிமண்குண்டில்
நாங்கள் கயிற்றுக்குள் ஓடுகிறோம்,
மீனுக்கு உதவாத வலையைத் திரித்த கயிறு,
முனைக்கு முனை செங்கல்.

விளையாட்டுச் சாமான் அறைச் சுவரில் உள்ள கோடுகளை
எந்தக் காற்றும் தொடாது.
மாதத்தின் முதல் திங்கள்
செருப்பைக் கழற்றி, குதிகாலை ஒட்டி நிற்க வேண்டும்.
நூற்றுப்பத்துப் பிள்ளைகள், ஒரு பென்சில்.
சகுபர் நிஷா இரண்டு வருடமாக அதே இடம்.
லிவிங்ஸ்டன் எக்கி ஏமாற்றுவான்.
எட்டாம் வகுப்பு நம்புசெல்வி
தைக்கும் ஆவணிக்கும் நடுவில்
நாலு விரல்கடை ஏறிவிட்டாள்.

ஆவணியில்தான் முழங்காலுக்குக் கீழே
கொட்டைப்பாக்கு அளவில் அந்தப் புடைப்பு.
தொட்டால் முகம் சுருங்கும்.
கையை எடுத்தால், "ஒண்ணுமில்ல டீச்சர்."

குறுவட்டப் போட்டிப் படிவத்தில்
நானூறு, அறுநூறு, தொடர் ஓட்டம்
மூன்றிலும் அவள் பெயரை
தலைமையாசிரியரே எழுதி வைத்திருந்தார்.
மூன்றையும் அடித்தேன்.
"கேடயம், டீச்சர்" என்றார்.
"வளர்ற கால், சார்" என்றேன்.
இருவரும் அதற்கு மேல் பேசவில்லை.

பதினாலு வயதில் மாநிலத்தில் மூன்றாவதாக வந்தவள் நான்.
பதினேழில் இருந்து
படிக்கட்டைப் பக்கவாட்டில் இறங்குகிறேன்.

கடலில் இருந்து நேராக வந்தாள்
அவள் அம்மா பூமயில்.
பாசி பறித்த விரல்களில் சுற்றிய கிழிதுணி
இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.
"நல்லா ஓடுற பிள்ளைய உக்கார வச்சிட்டீகளாமே."
நான் பாசியைச் சொன்னேன்,
கெட்டிக்காரத்தனமாகப் பேசுவதாக நினைத்து.
மாதத்தில் பாதி நாள் பறிக்காமல் விடுகிறீர்களே,
தழைக்கட்டும் என்று, அது மாதிரி.
துணியைப் பிரித்துக்கொண்டே கேட்டாள்.
"பாசிய விட்டா அடுத்த மாசமும் அங்கனயே கெடக்கும்.
பிள்ளைய விட்டா பொண்ணு கேட்டு வந்துருவாக.
சர்ட்டிபிகேட் ஒண்ணு கையில இருந்தா
வெளியூர் ஹாஸ்டலுக்கு அனுப்பிருவேன் டீச்சர்."

அதற்கு என்னிடம் பதில் இல்லை.
இப்போதும் இல்லை.

உட்கார வைக்கவில்லை என்பதையாவது சொல்லியிருக்கலாம்.
கவிழ்த்த வத்தையின் முதுகில்
அவள் ஒற்றைக் காலில் நிற்கிறாள்.
இடக்கையால் பந்து பிடிக்கிறாள், விடுகிறாள், திட்டுகிறாள்.
கிளித்தட்டில் ஆறாம் வகுப்புப் பொடியன்களிடம் மாட்டி
கோபத்தில் இரண்டு நாள் வரவில்லை.
இதற்கெல்லாம் எந்த அலுவலகத்திலும்
சான்றிதழ் அடிப்பதில்லை.

போட்டி நாளில் தண்ணீர்க் கேனைத் தூக்கி வந்தாள்.
அறுநூறு மீட்டர் முடிந்ததும்
என் கையில் இருந்த கடிகாரத்தை எட்டிப் பார்த்து
"நான் இதவிட" என்று ஆரம்பித்தவள்
கேன் மூடியைத் திருகத் தொடங்கினாள்.
கேடயம் திருப்புல்லாணிப் பக்கம் போனது.
அலமாரியில் அதற்காகத் துடைத்து வைத்த இடத்தில்
பல்லி ஒன்று குடியிருக்கிறது.
அந்த இரவு சோறு இறங்கவில்லை எனக்கு.
முழங்கால்தான் வலித்தது என்று
வீட்டில் சொன்னேன்.

வாடை தணிந்த மாசி, முதல் திங்கள்.
மற்றவர்கள் வருமுன் வந்து
சுவரை ஒட்டி நின்றிருந்தாள்.
பென்சில் போன மாதக் கோட்டின் மேலேயே விழுந்தது.
அதற்கு முந்தைய மாதமும் அங்கேதான்.
மூன்று சேர்ந்து தடித்து
மை தீட்டியது போலிருந்தது.
குனிந்து புடைப்பை அழுத்தினேன்.
முகத்தைப் பார்த்தேன்.
சுருங்கவில்லை.

"ஒரு சுத்து. மெதுவா. ஒண்ணே ஒண்ணு."

செங்கலைத் தாண்டி
கயிற்றுக்குள் இறங்கினாள்.

இரண்டு ஓடினாள்.

நான் பந்துகளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தேன்,
எண்ணத் தெரியாதவளைப் போல.