சத்தமில்லாதது வேண்டாம்

பிரேமன் நகரம், தொண்ணூற்றேழு, பிப்ரவரியின் ஈரச் செவ்வாய்.
கடையில் நானும் ஹீட்டரும் மட்டும்.
குடையை வாசலில் உதறிவிட்டு வந்தவள்
வணக்கம் சொல்லவில்லை.
கவுண்டரில் ஒரு துண்டுச் சீட்டை வைத்தாள்:

"ஃபேக்ஸ் எந்திரம். கம்ப்யூட்டரோடு சேர வேண்டும்.
நானூறு மார்க். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது."

இதைச் சொல்ல வாய் வலிக்குமா என்று நினைத்தபடி
என் பாட்டை ஆரம்பித்தேன்,
அந்தக் குளிர்காலம் முழுக்க எல்லோரிடமும் பாடிய அதே பாட்டு.
இது அறுநூற்றைம்பது, வெள்ளைத் தாளிலேயே அச்சாகும்,
பூனை நடக்கிற சத்தம்கூட வராது.
இது ஐந்நூறு, மணிக்குப் பன்னிரண்டு மெட்டு.
இது முந்நூற்றெண்பதுதான். பின்னால் கம்ப்யூட்டர் செருக இடம் உண்டு,
ஆனால் சுருள் தாள், வெயில் பட்டால் எழுத்து வெளுக்கும்,
தாள் வெட்டுகிற கத்தி ஒவ்வொரு பக்கத்துக்கும் மேசையை ஆட்டும்.
இத்தனையும் அலமாரியைப் பார்த்தபடி சொல்லியிருக்கிறேன்.

அவள் என் சட்டைக் கையைத் தொட்டாள்.
தன் காதைக் காட்டி, விரலை இடமும் வலமும் அசைத்தாள்.
பிறகு என் வாயைக் காட்டினாள்:
இந்தப் பக்கம் திரும்பிப் பேசு.

சிவந்த காது என்னுடையது.

மிச்சமெல்லாம் சீட்டின் மறுபக்கத்தில் பேசினோம்.
வீப்கே ஹார்ம்சன். பல்லுக்குக் கேப் செய்கிறவள்.
போன மாதம்வரை இன்னொருவர் பட்டறையில்,
திங்கள் முதல் தன் சமையலறையில்.
ஏழு பல் டாக்டர்கள் படம் போட்டு அனுப்புவார்கள்.
திரையில் வந்தால் பெரிதாக்கிப் பார்க்கலாம்;
ஒரு கோடு மங்கினால்
யாரோ ஒருவர் ரொட்டி கடிக்கும்போது தெரிந்துவிடும்.

கடைசியில் எழுதினாள்:
"வந்தது எனக்கு எப்படித் தெரியும்?"

"விலை கூடினதில் சின்ன விளக்கு எரியும்" என்று எழுதினேன்.
"விளக்கைப் பார்ப்பேனா, பல்லைப் பார்ப்பேனா?"

மூன்றையும் கவுண்டரில் வரிசையாக வைத்து
பின்னறையிலிருந்து வெற்றுப் பக்கங்கள் அனுப்பினேன்.
அவள் உள்ளங்கையைக் கவுண்டர்மேல் பரப்பி நின்றாள்.
அறுநூற்றைம்பது: ஒன்றுமே இல்லை.
ஐந்நூறு: பன்னிரண்டு மெட்டும் சேர்ந்து
ஓர் எறும்பு ஊர்ந்த மாதிரி.
அப்புறம் அந்த மட்டமானது.
உறுமிற்று, செருமிற்று, தாளைக் கடித்துத் துப்பிற்று,
என் பேனா உருண்டு தரையில் விழுந்தது.

அவள் சிரித்தாள். அளவு தெரியாத பெரிய சிரிப்பு,
ஜன்னல் கண்ணாடிவரை போய் வந்தது.
"என்ன உடைந்தது?" என்று உள்ளிருந்து லூடர்ஸ் கத்தினார்.
"வியாபாரம் முடிந்தது" என்றேன்.
மீதி இருபது மார்க்குக்குக் கேபிள்.

அடுத்த வாரம் எங்கள் எந்திரத்தில் ஒரு பக்கம் வந்தது:

"கேபிள் குட்டை. கம்ப்யூட்டர்வரை எட்டவில்லை.
இரண்டு மீட்டரில் ஒன்று அனுப்பவும்.
நேற்று இரவு பதினொன்றுக்கு ஒரு டாக்டர் கோரைப்பல் கேட்டார்.
படுத்திருந்தேன். மரத் தரை. கட்டில் சொன்னது.
கீழ்வீட்டுக்காரர் இந்த எந்திரத்தை விற்றது யார் என்று கேட்கிறார்.
உங்கள் பெயரைச் சொல்லவில்லை."