மாதாந்திரப் பராமரிப்பு

சோமனூரில்
இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்.
இந்தப் பக்கம் என் நாலு தறி.
அந்தப் பக்கம் துளசிமணி.

குடித்தால் நல்லசிவத்துக்குக் கண்மண் தெரியாதாம்.
ஆனால் பேப்பரில் வரும்
மின்தடை அறிவிப்பை விடாமல் படிப்பான்.
கரண்டில்லாத நாளில்
அவன் கை நீண்டதேயில்லை.

பதினோரு வருசம்.
நாடா அடிக்கிற சத்தத்தில்
எது எதுவென்று
எனக்கும் பிரித்துக் கேட்கத் தெரியும்.
இழை அறுந்தால் மட்டும் எழுந்துபோவேன்.

காலையில் குழாயடியில்
"வாசல் வழுக்குதுங்க்கா" என்பாள்.
"பாத்து நட கண்ணு" என்பேன்.

நேற்று ராத்திரி ஷிப்டில்
பாவு பாதியில் இருக்க
நாலு தறியையும் நிறுத்தினேன்.

சுவருக்கு அந்தப் பக்கமும்
எதுவோ நின்றது.
ஒரு இருமல். அப்புறம் அவன் குரல்:
"கரண்டு போயிருச்சுங்களாக்கா?"

"இல்லீங்க.
நாந்தான் நிறுத்துனேன்."