படிவத்தின் ஏழாவது கேள்வி

‘ஏன் வேண்டும்?’ என்று கேட்கிறது படிவம்.
பதிலுக்கு மூன்று கோடுகள்.
டொங்காட் காவல் நிலையத்தில்
ஓடாத மின்விசிறிக்கு அடியில்
பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருக்கிறேன்.
வெளியே கரும்புக்குத் தீ வைத்த நாள்.
கரித்தூள் ஜன்னலேறி வந்து
என் பெயரின்மேல் உட்கார்கிறது:
சாலாட்சி கோவெண்டர், மருந்தாளர், வயது ஐம்பத்து மூன்று.

“தற்காப்புக்கா?” என்கிறார் சார்ஜென்ட் உம்கீஸே.
“அப்படியென்றால் இது ஆகாது, அம்மா.
பதினைந்து தோட்டா பிடிக்கிற ஒன்பது மில்லி வாங்குங்கள்.
நீங்கள் மறுபடி நிரப்பும்வரை
திருடன் என்ன, தேநீரா குடித்துக்கொண்டிருப்பான்?”
சிரித்தேன். நியாயம்தான்.
போன வருஷம் கடைக்குள் வந்தவர்கள்
கல்லாவோடு இருமல் மருந்தையும் அள்ளிப்போனார்கள்.
அதில் ஒருவனுக்கு மீசை முளைக்கவில்லை.
அன்று என் கையில் எதுவும் இல்லாதது நல்லதாயிற்று.
இதை எந்தக் கோட்டில் எழுதுவது?

ஸ்டாங்கர் கடையில்
பெரிய துப்பாக்கிகள் எல்லாம் நெஞ்சு நிமிர்த்தி நிற்க,
இது மூலையில் சாய்ந்திருந்தது.
ஒல்லி. குழலின்மேல் குழல்.
மேலே இருபத்திரண்டு: ஊசி போடுகிற மாதிரி
ஒரே ஒரு துளி ஈயம்.
கீழே நானூற்றுப் பத்து: ஒரு பிடி ரவை,
விதைக்கிறவள் வீசுவதுபோல.
சுத்தியலின் தலையில் சின்னக் குமிழ்.
தள்ளினால் மேல், இழுத்தால் கீழ்.
இரண்டுக்கும் விசை ஒன்றே.
“இரண்டும் சேர்ந்து வெடித்துவிடாதா?”
“ஒன்று பேசினால் மற்றது கேட்டுக்கொண்டிருக்கும்,” என்றார் கடைக்காரர் வில்லம்.
முப்பது வருஷத்தில்
நானும் தேவராசும் பழகாத ஒன்று.

மடக்கிப் பார்த்தேன்.
முழங்கைபோல நடுவில் மடிந்து
உள்ளதையெல்லாம் காட்டிவிட்டது.
மேல் குழல் வழியே கண்ணை வைத்தால்
வாசல், தெரு,
வாழைப்பழக்காரியின் சிவப்புக் குடை,
எல்லாம் ஒரு மாத்திரை அளவு,
சுற்றிச் சுற்றி ஓடும் வரிகளின் கடைசியில்.

நாள் முழுக்க எண்ணுகிறவள் நான்.
நீலத் தட்டில் ஐந்தைந்தாய்.
‘பாதி மட்டும், ராத்திரி மட்டும்’ என்று
வாசல்வரை வந்து சொல்லி அனுப்புகிறவள்.
அளவு குறைந்தால் கைக்குக் கவனம் வரும்.
பதினைந்து வைத்திருப்பவன்
பதினான்கைத் தவறவிட முன்பே சம்மதித்துவிட்டான்.

பயிற்சித் தளத்தில், நோம்வூலா பக்கத்தில் நிற்க,
இதேபோன்ற ஒன்றால் தக்காளி டின்னைக் குறிவைத்தேன்.
முதல் நாள் ஒன்பது தவறு.
ஒவ்வொன்றும் தனித்தனியாக ஞாபகமிருக்கிறது:
ஒன்றில் மூச்சு. ஒன்றில் இடது காலணி.
ஒன்றில் சும்மா, ஆசை.
சுட்டதும் மடக்கவேண்டும்.
பித்தளைக் கூடு பாதி எட்டிப்பார்க்கும், சூடாக.
நகத்தால் எடுத்துப் பையில் போட்டு,
அடுத்ததைத் தேடி, பொருத்தி, மூடி…
அதற்குள் தூக்கணாங்குருவிகள்
விட்ட சண்டையைத் தொடங்கிவிடும்.
ஆலை லாரி ஒன்று வளைவில் கியர் மாற்றும்.
எனக்கு வேண்டியது இந்த நேரம்தான் என்று நினைக்கிறேன்.
வெடிச்சத்தம் அதற்குக் கொடுக்கிற விலை.

திங்கட்கிழமை கல்லாவில்
மாரிமுத்து மூட்லிக்குச் சில்லறை கொடுத்தேன்.
வெள்ளை அங்கியின் பையிலிருந்து
நாணயங்களோடு ஒரு வெற்றுக்கூடும் போய்விட்டது.
கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார்.
“இது எந்த நாட்டுக் காசு, தங்கச்சி? செல்லுமா?”

சார்ஜென்ட் கடிகாரம் பார்க்கிறார்.
முதல் கோட்டில் எழுதுகிறேன்:
‘டின் சுடுவதற்கு.’
மற்ற இரண்டும் காலி.
கரித்தூளைத் தட்டப்போய்
என் பெயர் முழுக்க இழுவிவிட்டது.
“அவ்வளவுதானா?” என்கிறார்.
இன்னொரு படிவம் எடுக்க அவர் கை நீள்கிறது.