இடது கால்

கொலக்கம்பையில் மூன்று நாள்
புஷ்பராணியின் பின்னால் நடந்தேன்.
என் பாத்திரத்துக்கு ஒரு நொண்டல் வேண்டியிருந்தது.

இடது குதிகால் தரையைத் தொடுமுன்
தோள் ஒரு நூல் இறங்கும்.
உதடு அதற்கும் முன்பே சுருங்கும்,
வலி வரப்போவதை அறிந்த வாய்.
நோட்டில் எழுதிக்கொண்டேன்.
லாட்ஜ் கண்ணாடியில் நடந்து பார்த்தேன்.
நன்றாக இருந்தது. பொய்யாகவும் இருந்தது.

ஞாயிறு, குன்னூர் மார்க்கெட்.
கேரட் மூட்டைகளுக்கு நடுவே
படிகளை இரண்டிரண்டாகத் தாவி
பஸ்ஸைப் பிடித்தாள் புஷ்பராணி.

ஏமாந்த கோபத்தோடு திங்கள் விடியலில்
லைன் வீட்டு வாசலில் நின்றேன்.
கவ்வாத்து பண்ணாமல் விட்ட செடியடியில்
பனிக்குள் குனிந்து
ஒரு தேயிலைக் கொட்டையைப் பொறுக்கி
இடது பூட்ஸுக்குள் போட்டாள்.
நிமிர்ந்தபோது நான் இருந்தேன்.

"நல்லா நடந்தா செங்குத்துக்கு ஏத்திருவாங்க.
மேஸ்திரிக்குக் கண்ணு கூர்மை.
சும்மா நொண்டுனா
எந்தக் காலுன்னு காலுக்கே மறந்துபோவும்."

எழுதிய பக்கங்களைக் கிழித்தேன்.
இவளுக்கு என்ன வேண்டும்?
சமதளத்தில் ஒரு வரிசை,
எடை போடும் கொட்டகைக்குப் பக்கமாக.
அவ்வளவுதான்.

படப்பிடிப்பில் "கட்" சொன்ன பிறகும்
நான் நொண்டியதைப் பாராட்டினார்கள்.
கொட்டை உள்ளேயே இருந்தது,
எடுக்க மறந்திருந்தேன்.

புஷ்பராணி மறக்கமாட்டாள்.
இந்நேரம் சங்கு ஊதியிருக்கும்.
பூட்ஸைக் கவிழ்த்து இரண்டு தட்டு தட்டிவிட்டு
மேட்டில் விறுவிறுவென்று ஏறிக்கொண்டிருப்பாள்,
அடுப்பில் உலை வைக்க.